ஸ்கூட்டரில் பாதுகாப்புக் குறை: கம்பெனியைப் பதில் சொல்ல வைப்பது எப்படி?

வாங்கி ஏழு மாதம்கூட ஆகாத என் ஸ்கூட்டர், திருச்சி பால்பண்ணை ரவுண்டானாவில், பின்னால் லாரி வந்துகொண்டிருக்கும்போது தானாக அணைந்தது. பட்டனை அழுத்தினால் உடனே ஸ்டார்ட் ஆகிவிட்டது. அடுத்த மாதத்தில் இன்னும் நான்கு முறை அதே மாதிரி. சர்வீஸ் சென்டரில் விட்டால் மட்டும் ஒரு தடவைகூட அணையாது, மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி அவ்வளவு ஒழுக்கமாக ஓடும். மூன்று முறை விட்டேன். மூன்று முறையும் "செக் பண்ணியாச்சு சார், எல்லாம் ஓகே" என்று கழுவித் துடைத்துக் கொடுத்தார்கள்.

கடைசியில் வயரிங் முழுவதையும் இலவசமாக மாற்றிக் கொடுத்தார்கள். கம்பெனிக்கு நான் அனுப்பிய முதல் மெயிலிலிருந்து எண்ணினால் 74 நாள். அதில் பாதி, வழி தெரியாமல் நான் வீணடித்தது. அந்த நாள்களை நீங்களாவது மிச்சப்படுத்திக்கொள்ளுங்கள். எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை, அதனால் பெயர் சொல்லப்போவதில்லை.

1. முதலில் வண்டியை நிறுத்துங்கள்

பிரேக் லீவர் அழுத்தினால் திரும்பி வரவில்லை, ஆக்சிலேட்டர் ஒட்டிக்கொள்கிறது, ஹேண்டில் ஒரு பக்கம் இழுக்கிறது, பெட்ரோல் வாடை வருகிறது, ஓட்டத்தில் அணைகிறது: இவற்றில் எது வந்தாலும் "இந்த வாரம் ஓட்டிவிட்டு ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம்" என்று நினைக்காதீர்கள். மின்சார ஸ்கூட்டரில் பேட்டரி வழக்கத்தைவிடச் சூடாகிறது, உப்பியிருக்கிறது, கருகிய வாடை வருகிறது என்றால் சார்ஜ் போடுவதையே நிறுத்துங்கள், முக்கியமாக வீட்டுக்குள்ளே, ராத்திரியில். 2022 மார்ச்சில் வேலூரில் சார்ஜில் இருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து அப்பாவும் மகளும் இறந்ததை மறந்திருக்க மாட்டீர்கள்.

இதில் இன்னொரு காரணமும் இருக்கிறது. குறை தெரிந்த பிறகும் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டியிருந்தால், "அவ்வளவு ஆபத்து என்றால் ஏன் ஓட்டினீர்கள்?" என்ற கேள்வி பின்னால் வரும். எனக்கு வந்தது. கம்பெனி தரும் சாலையோர உதவித் திட்டம் உங்கள் வண்டிக்கு இருந்தால் டோ செய்தே சர்வீஸுக்கு அனுப்புங்கள், அந்த ரசீதே ஓர் ஆவணம்.

தெருமுனை மெக்கானிக்கிடம் கொடுத்துப் பிரிக்கச் சொல்வதும் வேண்டாம். அவர் நல்ல கைக்காரராகவே இருக்கலாம். ஆனால் வாரன்டி உள்ள வண்டியை வெளியாள் பிரித்தார் என்பது கம்பெனிக்குக் கிடைக்கும் முதல் சாக்கு.

2. ஏற்கெனவே ரீகால் இருக்கிறதா என்று பாருங்கள்

ரீகால் என்றால் குறையுள்ள வண்டிகளைக் கம்பெனியே திரும்ப அழைத்துச் சரிசெய்து தருவது. இருக்கிறதா என்று பார்ப்பது பத்து நிமிட வேலை. நான் இதைக் கடைசியில்தான் செய்தேன். ஆர்சியில் இருக்கும் 17 இலக்க சேஸி எண்ணை எடுத்துக்கொண்டு, கம்பெனி இணையதளத்தில் ரீகால் அல்லது சர்வீஸ் கேம்பெய்ன் என்ற பகுதியில் போட்டுப் பாருங்கள். வாகன உற்பத்தியாளர் சங்கமான சியாம் தன் தளத்தில் ரீகால் பட்டியல் வைத்திருக்கிறது.

ரீகால் என்பது மாடல் முழுவதற்கும் வருவதில்லை, குறிப்பிட்ட தேதிக்குள் தயாரான வண்டிகளுக்கு வரும். 2024 பிப்ரவரியில் யமஹா, ரே இசட்ஆர் 125, ஃபேசினோ 125 ஹைப்ரிட் ஸ்கூட்டர்களில் சுமார் 3 லட்சத்தைத் திரும்ப அழைத்தது. பிரச்சினை பிரேக் லீவரில். 2022 ஜனவரி 1 முதல் 2024 ஜனவரி 4 வரை தயாரானவற்றுக்கு மட்டும். ஆகவே நீங்கள் வாங்கிய தேதியைப் பார்க்காதீர்கள், ஆர்சியில் உள்ள தயாரிப்பு மாதத்தைப் பாருங்கள். ஷோரூமில் மூன்று மாதம் நின்ற வண்டியாகவும் இருக்கலாம்.

ரீகால் இருந்தால் வேலை இலவசம், லேபர் உட்பட. செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்கள் கவனியுங்கள்: கம்பெனியின் கடிதமும் எஸ்எம்எஸ்ஸும் முதல் ஓனருக்குத்தான் போகும். நீங்களாகத் தேடினால்தான் உண்டு.

3. ஆதாரம் சேர்க்கும் விதம்

எப்போதாவது வரும் குறையை நிரூபிப்பதுதான் கஷ்டம். எப்போதுமே வரும் குறை என்றால் சர்வீஸ் சென்டர் வாசலிலேயே காட்டிவிடலாம். நான் ஒரு சாதாரண நோட்டில் தேதி, நேரம், ஓடோமீட்டர், வேகம், மழையா வெயிலா, எத்தனை நிமிடம் ஓட்டிய பிறகு, பெட்ரோல் எவ்வளவு என்று எழுதினேன். ஐந்து முறை எழுதியதும்தான் புரிந்தது, ஐந்தில் நான்கு ஹேண்டிலை முழுக்க வலப்பக்கம் ஒடிக்கும்போது நடந்திருக்கிறது. ஹேண்டிலோடு சேர்ந்து வளையும் வயர்தான் பிரச்சினை என்று கம்பெனி ஆள் கடைசியில் கண்டுபிடித்தது இந்த நோட்டை வைத்துத்தான்.

கூடவே இவை வேண்டும்: டீலர் இன்வாய்ஸ், ஆர்சி, இன்சூரன்ஸ், வாரன்டி கையேடு, எல்லா சர்வீஸ் பில்லும், இதுவரை போட்ட ஜாப் கார்டு (வண்டியை சர்வீஸுக்கு விடும்போது குறைகளை எழுதித் தரும் தாள்) எல்லாம். மீட்டரில் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் உடனே வீடியோ எடுங்கள். எஃப்ஐ (கார்புரேட்டருக்குப் பதில் மின்னணு முறையில் பெட்ரோலைச் செலுத்தும்) வண்டிகளில் பிழைக் குறியீடு இன்ஜினைக் கட்டுப்படுத்தும் இசியூ என்ற சின்னக் கம்ப்யூட்டரில் பதிவாகும், சர்வீஸ் சென்டரில் கருவியை மாட்டிப் பார்த்துவிட்டு அதை அழித்துவிடுவது வழக்கம். அழிக்கும் முன்னால் திரையை ஒரு போட்டோ எடுத்துக்கொள்கிறேன் என்று கேளுங்கள். மறுத்தால், மறுத்தார்கள் என்று நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

விழுந்து அடிபட்டிருந்தால் காவல் நிலையத்தில் குறைந்தது சிஎஸ்ஆர் ரசீது (புகாரைப் பெற்றதற்கான சான்று), மருத்துவமனை விபத்துப் பதிவேட்டு நகல், இன்சூரன்ஸ் கம்பெனிக்கு உடனே தகவல். சர்வேயர் பார்க்கும் முன் வண்டியைச் சரிசெய்துவிடாதீர்கள்.

4. ஜாப் கார்டு: கோட்டை விடுவது இங்கேதான்

என் முதல் இரண்டு ஜாப் கார்டிலும் என்ன எழுதியிருந்தது தெரியுமா? "ஜெனரல் செக்கப், வாட்டர் வாஷ்." நான் பத்து நிமிடம் நின்று விளக்கிய எதுவும் அதில் இல்லை. கம்பெனி தலைமை அலுவலகத்தின் கம்ப்யூட்டரில், என் வண்டி இரண்டு முறை குளிக்க வந்த வண்டி. அவ்வளவுதான்.

உங்கள் குறை கம்பெனிக்குத் தெரிவது டீலர் அடிக்கும் அந்த ஓரிரு வரிகளால். ஒரே சேஸி வரிசையில் ஒரே மாதிரி வரி பல ஊரிலிருந்து வந்தால்தான் அங்கே தரப் பிரிவுக்காரர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். ஆனால் அந்த வரியை எழுத டீலருக்கு ஆர்வம் இருக்காது. வாரன்டியில் பாகம் மாற்றினால் அவர் கம்பெனியிடம் கிளெய்ம் போட வேண்டும், பழைய பாகத்தை அனுப்ப வேண்டும், நிராகரித்தால் நஷ்டம் அவருக்கு. "ஸ்பார்க் பிளக் மாத்திப் பாருங்க சார், 300 ரூபாய்தான்" என்பது அவருக்கு எளிது.

எனவே கையெழுத்துப் போடும் முன் ஜாப் கார்டைப் படியுங்கள். உங்கள் வார்த்தையிலேயே எழுதச் சொல்லுங்கள்: "ஹேண்டிலை வலப்பக்கம் ஒடித்துத் திரும்பும்போது இன்ஜின் தானாக அணைகிறது, இதுவரை 5 முறை, பாதுகாப்புக் குறை." சர்வீஸ் அட்வைசர் இடமில்லை என்றால் நீங்களே பேனாவில் எழுதிப் போட்டோ எடுங்கள், அவர் நகலிலும் எழுதுங்கள். கொஞ்சம் முறைப்பார். பரவாயில்லை.

வண்டியை எடுக்கும்போது இரண்டு கண்ணிகள். ஒன்று, "திருப்தி" என்று அச்சடித்த கட்டத்துக்குக் கீழே கையெழுத்து. இன்னொன்று ஓடிபி. "டெலிவரிக்கு ஒரு ஓடிபி வரும் சார், சொல்லுங்க" என்பார்கள். சில இடங்களில் அந்த ஓடிபி உங்கள் புகாரை முடித்துவைக்கும் ஓடிபி. எஸ்எம்எஸ்ஸை முழுதாகப் படிக்காமல் எண்ணைச் சொல்லாதீர்கள். நான் சொன்னேன். அரை மணி நேரத்தில் "உங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது, ஐந்து ஸ்டார் கொடுங்கள்" என்று வந்தது.

5. கம்பெனிக்கு எழுதுவது

ஒரே குறைக்கு இரண்டாவது ஜாப் கார்டு ஆகிவிட்டதா, டீலரோடு மல்லுக்கு நிற்பதை விட்டுவிட்டு கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கு மெயில் போடுங்கள். போன் பேசலாம், ஆனால் பேசி முடித்த கையோடு "இன்று இத்தனை மணிக்கு இன்னாரிடம் பேசியதன் சுருக்கம்" என்று ஒரு மெயில். புகார் எண் இல்லாத பேச்சு காற்றோடு போகும்.

மெயில் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். பொருள் வரியில் சேஸி எண்ணும் "பாதுகாப்புக் குறை" என்ற சொல்லும் இருக்கட்டும். உள்ளே: வாங்கிய தேதி, டீலர், ஓடோமீட்டர், நடந்ததைத் தேதிவாரியாக, ஜாப் கார்டு எண்கள், உங்களுக்கு என்ன வேண்டும் (ஏரியா சர்வீஸ் மேனேஜர் நேரில் பார்க்க வேண்டும், எழுத்தில் பரிசோதனை அறிக்கை வேண்டும்), எத்தனை நாளுக்குள். நான் 15 நாள் கொடுத்தேன். என் முதல் மெயிலில் மூன்று பத்திக்குக் கோபமும் ஒரு வரிக்கு விவரமும் இருந்தது, பதிலும் அதற்கேற்றபடி "தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்பதோடு நின்றது. இரண்டாவது மெயிலில் கோபத்தை எடுத்துவிட்டு நோட்டுப் பக்கத்தை இணைத்தேன், நான்காம் நாள் போன் வந்தது.

சோஷியல் மீடியாவில் போடலாமா? போடலாம், வேகமாகப் பதில் வரும். ஆனால் வருவது பெரும்பாலும் "உங்கள் எண்ணை உள்பெட்டியில் அனுப்புங்கள்" என்பதுதான், மறுபடி அதே டீலர்தான் அழைப்பார். போடுவதானால் நடந்ததை மட்டும் எழுதுங்கள். "திருட்டுக் கம்பெனி" போன்ற வசனம் எழுதினால் வக்கீல் நோட்டீஸ் உங்களுக்குத்தான் வரும்.

6. வரும் பதில்களைப் படிக்கும் விதம்

பதில்கள் ஏறக்குறைய ஒரே அச்சில்தான் இருக்கும்.

"சோதித்தோம், குறை எதுவும் காணப்படவில்லை." எத்தனை கிலோமீட்டர் ஓட்டிச் சோதித்தார்கள், யார், எந்தத் தேதியில் என்று கேளுங்கள். வண்டியை விடும்போதும் எடுக்கும்போதும் ஓடோமீட்டரைப் போட்டோ எடுத்திருந்தால் சுவாரஸ்யமாக இருக்கும். "30 கிலோமீட்டர் டெஸ்ட் ரைடு" எழுதிய நாளில் என் வண்டி ஓடியது 2 கிலோமீட்டர்.

"இந்த மாடலில் இது இயல்பானது." அப்படியானால் ஓனர் கையேட்டில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். அதே மாடல் டெமோ வண்டியை ஓட்டிப் பார்க்கவும் கேளுங்கள்.

"வெளியில் பொருத்திய உதிரிபாகத்தால் வந்தது." இதுதான் பலமான ஆயுதம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன் 87ஆம் பிரிவே, பொருளைத் தவறாகப் பயன்படுத்தியிருந்தாலோ மாற்றியிருந்தாலோ விற்பனையாளருக்குத் தப்பிக்க வழி கொடுக்கிறது. நான் கூடுதலாக ஒரு எல்இடி விளக்கு மாட்டியிருந்தேன், 450 ரூபாய் விளக்கு, அதை வைத்தே மூன்று வாரம் இழுத்தார்கள். விளக்கைக் கழற்றி, அவர்களிடமே அசல் இணைப்பைச் சரிபார்க்கச் சொல்லி ஜாப் கார்டில் எழுதி வாங்கினேன். அதற்குப் பிறகும் வண்டி அணைந்தது. அத்தோடு அந்த வாதம் முடிந்தது. ஹாரன், அலாரம், விளக்கு எதுவானாலும் புகார் செய்யும் முன் கழற்றிவிடுங்கள். இலவச சர்வீஸைத் தவறவிட்டிருந்தாலும் இதே பதில்தான் வரும்.

"நல்லெண்ண அடிப்படையில் பாகத்தின் பாதி விலையை ஏற்கிறோம்." வாரன்டி முடிந்தவர்களுக்கு இது உண்மையிலேயே லாபமாக இருக்கலாம். வாரன்டிக்குள் இருப்பவர்கள் ஏன் பாதி கொடுக்க வேண்டும்? கூடவே "இதோடு எல்லாக் கோரிக்கையும் முடிந்தது" என்ற தாளை நீட்டினால் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படியுங்கள்.

"இது ரீகால் இல்லை, இலவச மேம்பாடு." 2023 மார்ச்சில் ஓலா எலெக்ட்ரிக், முன் ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கும் பாகம்) பற்றிய அச்சம் ஆதாரமற்றது என்று சொல்லிக்கொண்டே, வேண்டுபவர்களுக்குப் புதிய ஃபோர்க்கை இலவசமாக மாற்றித் தருவதாக அறிவித்தது. இப்படி வந்தால் பெயரைப் பற்றிச் சண்டை போடாதீர்கள், மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் அறிவிப்பைப் பதிவிறக்கி வையுங்கள், இந்த மாதிரி மேம்பாட்டுக்குக் கடைசித் தேதி இருக்கலாம்.

7. இலவசமாகத் தட்ட வேண்டிய இரண்டு கதவுகள்

15 நாளில் உருப்படியான பதில் இல்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம், அதன் இணையதளத்திலும் பதியலாம், செலவு எதுவும் இல்லை. இது கோர்ட் இல்லை, கம்பெனிக்கு உத்தரவு போட முடியாது, உங்கள் புகாரைக் கம்பெனியின் பொறுப்பாளருக்கு அனுப்பிப் பதில் கேட்கும். அதற்கே ஒரு பலன் உண்டு: இங்கே குவியும் எண்ணிக்கையை மேலே இருப்பவர்கள் பார்க்கிறார்கள். ஓலா மீது ஒரு வருடத்தில் 10,644 புகார்கள் இங்கே சேர்ந்ததும் 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. 99.1 சதவீதம் தீர்த்துவிட்டோம் என்று கம்பெனி பதில் சொன்னது, ஆணையம் அதோடு விடாமல் மேலும் விசாரிக்கச் சொன்னது. உங்கள் புகாரையும் "தீர்க்கப்பட்டது" என்று முடித்து வைக்கலாம். தீரவில்லை என்றால் உடனே அதே எண்ணில் மறுப்புத் தெரிவியுங்கள்.

இரண்டாவது, மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் வாகன் தளத்தில் உள்ள ரீகால் புகார்ப் பகுதி. பல பேருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவுப்படி, ஓட்டுபவருக்கோ சாலையில் போகும் மற்றவர்களுக்கோ ஆபத்தான குறை என்றால் அரசே கட்டாய ரீகால் உத்தரவிடலாம். 2021 ஏப்ரல் 1 முதல் விதிகள் நடைமுறையில் உள்ளன, அபராதம் 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை. ஏழு வருடத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்குத்தான் இது. அந்த மாடலின் ஆண்டு விற்பனையோடு ஒப்பிட்டு, குறிப்பிட்ட அளவு புகார் சேர்ந்தால் விசாரணை நடக்கும். அதனால் உங்கள் ஒரு வண்டிக்கு இங்கே உடனடித் தீர்வு வராது. பதிய ஐந்து நிமிடம்தான், பதிந்துவிட்டு மறந்துவிடுங்கள். மெயிலில் "வாகன் தளத்திலும் பதிந்துள்ளேன்" என்று ஒரு வரி சேர்த்தேன். அடுத்த வாரம் ஏரியா சர்வீஸ் மேனேஜர் நேரில் வந்தார். தற்செயலாகவும் இருக்கலாம், எனக்கு நம்பிக்கையில்லை.

8. மாவட்ட நுகர்வோர் ஆணையம்

நான் நோட்டீஸோடு நின்றுவிட்டேன். ஆனால் வழக்குக்கு எல்லாம் தயாராகவே வைத்திருந்தேன், அப்போது விசாரித்ததை இங்கே சொல்கிறேன்.

முதலில் டீலர், கம்பெனி இருவருக்கும் எழுத்தில் நோட்டீஸ், ஸ்பீட் போஸ்ட்டில், டெலிவரி ஆனதற்கான ஆதாரத்தோடு. வக்கீல் இல்லாமல் நீங்களே எழுதலாம். இருவரையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள், ஒருவரை விட்டால் மற்றவர் அவரைக் கைகாட்டுவார்.

கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம். விலை 5 லட்சம் வரை கட்டணமே இல்லை, பெரும்பாலான ஸ்கூட்டர்கள் இதற்குள் அடங்கிவிடும். நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம், கம்பெனி எந்த மாநிலத்தில் இருந்தாலும் சரி. ஆன்லைனில் இ-ஜாக்ரிதி தளம் வழியாகவும் முடியும். காலக்கெடு இரண்டு வருடம். "பார்த்துக்கொண்டிருக்கிறோம் சார்" என்று இழுத்தடிப்பவர்களுக்கு இந்தத் தேதி நன்றாகத் தெரியும். டெலிவரி வேலைக்கு வண்டி ஓட்டுபவர்கள் தயங்க வேண்டாம், சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டும் பயன்படுத்தினால் சட்டத்தில் நீங்களும் நுகர்வோர்தான்.

எதிர்த்தரப்பு பதில் போட 30 நாள், கூடுதலாக 15 நாள். வழக்கை முடிக்கச் சட்டப்படி மூன்று மாதம், பாகத்தைச் சோதனைக்கு அனுப்ப வேண்டியிருந்தால் ஐந்து மாதம். நடைமுறையில் ஒரு வருடம் தாண்டினால் ஆச்சரியப்படாதீர்கள்.

பலர் தோற்கும் இடம் ஒன்று உண்டு: தயாரிப்புக் குறை என்று சொல்லிவிட்டு நிபுணர் அறிக்கை வைக்காதது. வண்டியை அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லி ஆணையத்திடமே மனுப் போடலாம், அதற்கான கட்டணத்தைக் கட்டச் சொல்வார்கள். முன்கூட்டியே வேண்டும் என்றால் ஆட்டோமொபைல் பாடம் நடத்தும் அரசு பாலிடெக்னிக்கிலோ உரிமம் பெற்ற சர்வேயரிடமோ கேட்டுப் பாருங்கள், கட்டணத்தை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். ஆணையம் வரை போகாமலே எனக்கு ஆன மொத்தச் செலவு 1,180 ரூபாய்: ஸ்பீட் போஸ்ட், ஜெராக்ஸ், நோட்டரி, ஆட்டோ. ஆட்டோதான் பாதி.

9. சரிசெய்த வண்டியை எடுக்கும்போது

ஜாப் கார்டில் மாற்றிய பாகத்தின் பெயர், பாக எண், "வாரன்டியில் மாற்றப்பட்டது" என்ற வரி மூன்றும் இருக்க வேண்டும். "சரிசெய்யப்பட்டது" என்று மொட்டையாக எழுதினால் வாங்காதீர்கள். வாரன்டியில் மாற்றிய பழைய பாகம் கம்பெனிக்குப் போய்விடும், எனவே அதைப் பெட்டியில் போடும் முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். என் வண்டியில் ஹேண்டிலுக்குக் கீழே வளையும் இடத்தில் வயரின் மேலுறை நகக்கண் அளவுக்குத் தேய்ந்திருந்தது. அதற்குத்தான் இத்தனை அமர்க்களம்.

ஓடிபியைச் சொல்லும் முன், குறை எந்தச் சூழ்நிலையில் வந்ததோ அதே மாதிரி ஓட்டிப் பாருங்கள். நான் சர்வீஸ் சென்டர் வாசலில் வலப்பக்கமாகப் பதினைந்து வட்டம் அடித்தேன், செக்யூரிட்டி அண்ணன் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று எழுந்தே வந்துவிட்டார். அணையவில்லை. அப்புறம்தான் எண்ணைச் சொன்னேன்.